முனியாண்டி ருசி பார்த்த மெர்லோ

செனாய் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் என் மேலாளருக்கு ஒயின் பைத்தியம். தீபாவளிக்கு எனக்கும் ஒரு சிவப்பு ஒயின் கொடுத்தார். மெர்லோ திராட்சையாம், சுண்ணாம்புக்கல் மண்ணில் விளைந்ததாம். திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார்.

புட்டியைப் பார்த்ததும் என் மனைவி, "முதல்ல முனியாண்டிக்குப் படைக்கணும். அப்புறமா நீங்க குடிங்க லா" என்றாள். எங்கள் வீட்டில் எந்தப் புட்டிக்கும் அதுதான் சட்டம். கோயிலில் பூசாரி ஒயினைக் கிளாசில் ஊற்றி, அதன் விளிம்பிலேயே ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் சாய்த்து வைத்தார். பூசை முடிய ஒரு மணி நேரம் ஆனது. மேலாளர் கேட்ட காற்று தாராளமாகக் கிடைத்தது.

பிறகு அந்தக் கிளாசை வாங்கிக் குடித்தேன். பிளம் பழம்போல மிருதுவாக இறங்கியது. கடைசியில் லேசாகப் புகை.

திங்கட்கிழமை அந்த ருசியை மட்டும் அப்படியே மேலாளரிடம் சொன்னேன். மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்தப் புகைதான் சுண்ணாம்பு மண்ணின் குணமாம். லட்சத்தில் ஒரு நாக்குக்குத்தான் அது பிடிபடுமாம்.

இப்போதெல்லாம் எந்த ஒயின் வாங்கினாலும் என்னிடம்தான் அபிப்பிராயம் கேட்கிறார். நானும் முனியாண்டியைக் கேட்டுத்தான் சொல்கிறேன்.