நான் மாற்றி வாசித்த கடைசி அத்தியாயம்

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு இன்றும் முதலில் வருவது அச்சு மையின் வாசனைதான்... கூடவே ஈரத்துணியில் சுற்றி வைத்த மல்லிகை மொட்டு.

அறுபதுகளின் ஆரம்பம். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. பேப்பர்காரர் மத்தியானமே வாரப்பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போவார். ஆனால் சாயங்காலம் வரை யாரும் அதைப் பிரிக்கக் கூடாது, அது வீட்டுச் சட்டம். விளக்கேற்றிய பிறகு அம்மாவும் அக்காவும் பூ கட்ட உட்காருவார்கள். நான் தொடர்கதையை உரக்க வாசிக்க வேண்டும். எனக்குப் பதினாலு வயது. அப்பா கூடத்து ஈசிசேரில் பேப்பரை விரித்துக்கொண்டு, கேட்காத மாதிரியே எல்லாவற்றையும் கேட்பார்.

அந்த வருஷம் ஒரு காதல் கதை வந்தது. காலேஜில் படிக்கும் பெண், பஸ் ஸ்டாப்பில் பார்க்கும் பையன்.

இப்போது யோசித்தால் கதையில் ஓட்டை நிறைய. அவனுக்கு என்ன வேலை என்று கடைசி வரை தெரியாது. அவன் ஒரு வேளை சாப்பிட்டதாகக்கூட ஒரு வரி இல்லை. சிக்கல் வந்தால் உடனே யாருக்காவது ஜுரம் வந்துவிடும். ரெண்டு பேரும் ஒரே குடையில் போக வசதியாக வாராவாரம் மழை வேறு... காவிரி மணலாகக் கிடக்க, நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. வாசிக்கிற எனக்கே எரிச்சலாக வரும்.

ஆனால் அந்தப் பெண்ணின் மனசை மட்டும் அப்படி எழுதியிருந்தார்கள். அவன் பார்க்கணும் என்று நல்ல தாவணியாக எடுத்துக் கட்டிக்கொண்டு போவாள். அவன் பார்த்ததும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வாள். அந்த இடத்தில் அக்காவின் கை பூவிலேயே நின்றுவிட்டது. காதல் என்றால் என்ன என்று எனக்கு முதலில் சொன்னதும் அந்தக் கதைதான். பாதி தப்பாகச் சொன்னது, அது வேறு விஷயம்.

அப்பா காதில் விழுமே என்று சில வரிகளை மாற்றிவிடுவேன். 'கையைப் பற்றினான்' என்றிருந்தால் 'கடிகாரத்தைப் பார்த்தான்' என்று வாசிப்பேன்.

"என்னடி இந்தப் பையன், எப்பப் பாத்தாலும் மணி பாத்துக்கிட்டே இருக்கான்?" என்பாள் அம்மா, நிமிராமல். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

கதை முடியப்போகும் சமயத்தில் அக்காவுக்கு வரன் வந்தது. வையம்பட்டிப் பக்கம், நிலபுலன் உள்ள குடும்பம். அக்கா பி.ஏ. முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. "படிப்பெல்லாம் எதுக்குங்க, தை மாசமே முடிச்சிடலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு அந்த இடத்தை விட மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக இருந்தார். அக்கா அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. சாப்பாடு மட்டும் குறைந்துபோனது.

அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி அத்தியாயம்.

வாசித்துக்கொண்டே வந்த என் கண் நாலு வரி முன்னால் ஓடியது. பெண்ணுக்கு டாக்டர் படிப்புக்கு சீட் கிடைத்துக் கடிதம் வந்திருக்கிறது. 'நான் இருக்கும்போது உனக்கு எதற்குப் படிப்பு?' என்கிறான் அவன். அவள் சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள். சுபம்.

அவள் மனசை அவ்வளவு அழகாக எழுதிய கைதானா இதையும் எழுதியது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'நீ படித்து முடி. அதுவரை நான் காத்திருக்கிறேன்' என்றான் அவன். அவள் கடிதத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தாள். சுபம்" என்று வாசித்து, பத்திரிகையை மூடிவிட்டேன்.

கூடத்தில் பேப்பர் சத்தம் நின்றது.

"இவன்தான் மனுஷன்," என்றாள் அம்மா, வழக்கத்தைவிடச் சத்தமாக. "பிரியம் இருக்கறவன் காத்திருக்க மாட்டானா? ஒரு வருஷம் பொறுக்க முடியாதவங்க வீட்டுக்கு எதுக்கு நம்ம பொண்ணு?"

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களிடம் அப்பா, "பொண்ணு பரீட்சை எழுதிடட்டும்ங்க, ஒரு வருஷம் பொறுத்துக்கணும்" என்றார். அவர்கள் பொறுக்கவில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்கா பரீட்சை எழுதினாள், டீச்சர் வேலைக்கான பி.டி.யும் முடித்தாள்.

இப்போது என் பேத்தியும் காதல் கதைதான் படிக்கிறாள், போனில். எதையும் அவள் மறைக்க வேண்டியதில்லை, எந்த வரியையும் யாரும் அவளுக்காக மாற்றுவதும் இல்லை. நல்லதுதான். ஆனால் அவள் எந்த இடத்தில் சிரித்தாள், எந்த இடத்தில் கோபப்பட்டாள் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது... எனக்கு அதுதான் கொஞ்சம் ஏக்கமாக இருக்கிறது.

அக்கா டீச்சராக முதல் நாள் வேலைக்குப் போன காலையில், அம்மா அடுப்படியில் தானாகவே பேச்செடுத்தாள்.

"அந்தக் கதையில அவ லெட்டரக் கிழிச்சுப் போட்டப்ப, எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சுடி."

நான் திகைத்துப்போனேன். "அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீ ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன். சாயங்காலம் நீ அந்த இடத்துக்கு வர்ற வரைக்கும் சாமியக் கும்பிட்டுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்."