நான் சொல்லாமல் விட்ட வராந்தா

அறுபதுகளின் நடுவில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு மொழி ஆசிரியர்கள் கூடுவோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, உருது, மராத்தி. ஒவ்வொரு மொழிக்கும் தனியே ஆசிரியர் சங்கம் இருந்தது. பம்பாயில் எந்தப் பிள்ளையும் வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் இழந்துவிடக் கூடாது என்று ஆறு சங்கங்களும் சேர்ந்து ஒரு பொதுக்குழு அமைத்திருந்தோம். தமிழ்ச் சங்கத்தின் சார்பில் நான். பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தம் மொழியில்தான் பேச வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதை எல்லோருக்குமாக இந்தியில் சொல்வார். எல்லோருக்கும் இந்தி தெரியும்தான். ஆனால் நாமே நேராக இந்தியில் பேசிவிட்டால் இந்தக் குழு எதற்கு என்று நினைத்தோம். கூட்டம் இரண்டு மடங்கு நீளும். "ஒரு காபி வரவழைக்க இங்கே ஆறு பேர் வாய் திறக்க வேண்டியிருக்கிறது" என்பார் கன்னட ஆசிரியர். குஜராத்திக்காரர் விடமாட்டார். "உங்களுக்கு என்ன கவலை? வீட்டில் பேச விடுவதில்லை என்றுதானே இங்கே வருகிறீர்கள்." உருது ஆசிரியர் அதையும் முறைப்படி இந்தியில் சொல்லி முடிக்கட்டும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்போம்.

ஆரம்பத்தில் இதனால் சண்டையும் வந்தது. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று பேசியவர் நடுவில் திருத்துவார். மொழிபெயர்த்தவர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். அதனால் ஒரு விதி எழுதினோம். பக்கத்தவர் இந்தியில் சொல்லும்போது பேசியவர் குறுக்கிடக் கூடாது, அவரை நம்பி இருந்துவிட வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான்.

என் பக்கத்தில் உட்காருபவர் தெலுங்கு ஆசிரியை. தாராவியில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துவந்தார். நெல்லூர்க்காரர், தமிழ் நன்றாக வரும். நான் சித்தூரில் படித்தவன், தெலுங்கு தெரியும். என் தமிழை அவரும் அவர் தெலுங்கை நானும் இந்தியில் சொன்னோம். ஒருமுறை நான் ஆத்திரமாகப் பேசியதை அவர் விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா கோபப்படுங்க மாஸ்டர், எனக்கு இந்தியில அவ்வளவு வசவு தெரியாது" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய பள்ளியில் பின்பக்க அறைகளின் கூரை இறங்கிவிட்டது. அவற்றைப் பூட்டினார்கள். தமிழ் ஐந்தாம் வகுப்புக்கும் தெலுங்கு ஐந்தாம் வகுப்புக்குமாக மிஞ்சியது ஓர் அறையும் அதை ஒட்டிய நீள வராந்தாவும். இடம் கிடைக்காத வகுப்பை இந்தி வகுப்போடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. அடுத்த தெலுங்குப் பள்ளி வொர்லியில். தெலுங்குப் பிள்ளைகள் பெரும்பாலும் தெருக் கூட்டுபவர்களின் பிள்ளைகள்; அவர்கள் தினமும் அவ்வளவு தூரம் போய்வர வழியில்லை. குழுவாகப் போய்க் கல்வி அதிகாரியைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முந்தின நாள் தமிழ்ப் பிள்ளைகளின் தகப்பன்மார் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். தோல் பட்டறையில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர்கள்.

"சார்வாள், அந்த ரூமை நமக்கு வாங்கித் தந்திருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"தெலுங்குப் பிள்ளைகளும் இருக்கிறார்களே" என்றேன்.

"இருக்கட்டும். யாரு வேண்டாம்னா? நம்ம புள்ளைகளை வராந்தாவுல உக்கார வச்சிராதிய. சாரல்ல நனையவா படிக்க அனுப்புதோம்?"

இன்னொருவர் அவரிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்: "சார்வாள் மாதுங்காவுல மாடியில இருக்காக. அவுகளுக்குச் சாரல் எங்க தெரியப்போவுது, வே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போனபிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதிகாரி மராத்திக்காரர், நிதானமானவர். எங்கள் வழக்கப்படியே பேசச் சம்மதித்தார். நான் தமிழில் அறையைக் கேட்டேன். தெலுங்கு ஆசிரியை ஒன்றும் குறைக்காமல் இந்தியில் சொன்னார். அதிகாரி தலையசைத்து, அறை தமிழ் வகுப்புக்கு என்று குறித்துக்கொண்டார். பிறகு ஆசிரியை தம் வகுப்புக்காகத் தெலுங்கில் பேசினார்.

"அறை தமிழ்ப் பிள்ளைகளுக்கே இருக்கட்டும். எங்களுக்கு அந்த வராந்தா போதும். சாரலுக்குப் பெற்றோர்களே மூங்கில் தட்டி கட்டித் தருகிறார்கள். மூங்கிலைக் கொண்டுவந்தும் போட்டுவிட்டார்கள். இந்த ஒரு வருடத்தைத் தெலுங்கில் முடித்துவிட்டால் போதும்."

நான் வாயைத் திறந்தேன். அதிகாரி நியாயமான மனிதர் என்பது அப்போது எனக்குப் பயமாகிவிட்டது. வராந்தாவிலும் வகுப்பு நடத்தலாம் என்று தெரிந்தால், அறையிலும் வராந்தாவிலும் வாரத்துக்கு ஒரு வகுப்பாக மாறி மாறி உட்காருங்கள் என்று சொல்லிவிடுவார். அந்தத் தகப்பன்மார் முகத்தில் நான் விழிக்க முடியாது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை.

"இவர்களும் தங்கள் வகுப்புக்கு இடம் கேட்கிறார்கள்" என்று இந்தியில் சொல்லி நிறுத்தினேன்.

"இடத்துக்கு நான் எங்கே போவேன்?" என்றார் அதிகாரி. "இந்தி வகுப்பில் சேரட்டும். கெட்டுப்போக மாட்டார்கள்."

தெலுங்கு தெரிந்த இன்னொருவர் கன்னட ஆசிரியர். அவர் அன்று வரவில்லை. தெலுங்கு ஆசிரியை என்னைப் பார்த்தார். அவருடைய இந்தி என்னுடையதைவிடத் தெளிவானது. உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டார். கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். அவர் விதியை மீறவில்லை.

தெலுங்கு வகுப்பை இந்தி வகுப்போடு சேர்க்கும் உத்தரவு வந்ததும் நான் தனியாக அதிகாரியிடம் ஓடினேன். வராந்தாவைப் பற்றிச் சொன்னேன்.

"குறிப்பில் வராந்தா இல்லையே. அந்த அம்மா எதிரில்தானே உட்கார்ந்திருந்தார்? இந்தி தெரியாதவரா?"

"தெரியும்."

"பின்னே ஏன் பேசவில்லை?"

"எங்கள் விதி" என்றேன். அவர் கோப்பை மூடினார். பட்டியல் மேலே போய்விட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். மறுபடி இரண்டு முறை போனேன். மனு எழுதினேன். குமாஸ்தா என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

குழுவின் அடுத்த கூட்டத்துக்குத் தெலுங்கு ஆசிரியை வந்தார். வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து, அன்று அவர் கேட்டது என்ன, நான் விட்டது என்ன, எதற்காக விட்டேன் என்று தமிழில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதை இந்தியில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பது பேச ஆரம்பித்த பிறகே எனக்கு உறைத்தது. நிறுத்த முடியவில்லை.

நான் உட்கார்ந்ததும் அவர் எழுந்தார். தகப்பன்மார் வந்தது, நான் பயந்தது, மன்னிப்புக் கேட்டது, எல்லாவற்றையும் இந்தியில் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. குஜராத்திக்காரர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தபின் அவர் மெதுவாக என்னிடம் கேட்டார்: "சரியாச் சொன்னேனா, மாஸ்டர்?"

"சரியாச் சொன்னீங்க" என்றேன்.

குழு எனக்கு ஒரு தண்டனையும் தரவில்லை. தந்திருக்கலாம். தெலுங்குப் பிள்ளைகள் சில வாரம் இந்தி வகுப்பின் கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பாதிப் பேர் வரவில்லை; பிறகு மீதிப் பேரும் வரவில்லை. ஆசிரியை சோலாப்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அங்கிருந்து கடிதம் வரும் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன். எந்த உரிமையில் எதிர்பார்த்தேன் என்று இப்போது தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தமிழ் வகுப்பைப் பார்க்க அந்தப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் அறைக்குள் நனையாமல் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். வராந்தா காலியாக இருந்தது. தட்டி கட்டுவதற்காகத் தெலுங்குப் பெற்றோர்கள் கொண்டுவந்த மூங்கில்கள் சுவரோரம் அப்படியே சாய்ந்து கிடந்தன. நம் பிள்ளைகள் அவற்றின்மேல் குடைகளை விரித்து உலரவைத்திருந்தார்கள்.