ஜேயா, ஜியா

எங்கள் சோப்புத் தொழிற்சாலையின் மாடியில் ஒரு கம்ப்யூட்டர், அலமாரி உயரத்துக்குக் கறுப்பாக நிற்கிறது. ஆர்டர், சரக்கு, சம்பளம் எல்லாம் அதில்தான். கீழே பேக்கிங் ஹாலில் இருக்கும் எடை மெஷின்களும் லேபிள் பிரிண்டர்களும் ஒரு சின்னப் பெட்டியில் வந்து சேரும். அதுதான் கன்ட்ரோலர். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் பேச வைப்பது என் வேலை. அதற்கு முதலில் கீழே இருப்பதன் பெயரை மேலே சொல்லி வைக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். என் சுபாவமும் அதேதான் என்று வீட்டில் குத்திக் காட்டுவார்கள்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தோம். கீழே அதைப் பொருத்தியவர் எங்கள் எலக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டியவர், டவுனில் உள்ள கத்தோலிக்கக் குடும்பம், சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எங்களிடம் கான்ட்ராக்ட்டில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்தானால்தான் வேலை. அந்த வருடக் கையெழுத்து வெள்ளிக்கிழமைக்கு இருந்தது.

போனில் கூப்பிட்டு, “பெட்டி மேல ஒட்டியிருக்கிற பேரைப் படிங்கண்ணே” என்றேன்.

“என், எல், ஜே, சைபர், நாலு, மேடம்.”

அடித்தேன். திரையில் ‘இணைப்புக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்து, அப்படியே நின்றது. அரை மணி நேரம் போயிற்று. பேக்கிங் நின்றுவிட்டது. வாசலில் லாரிகள் வரிசை கட்டின.

“கேபிளை ஒழுங்கா சொருகினீங்களா?”

“ரெண்டு தடவ பாத்துட்டேன் மேடம். பச்ச லைட்டு எரியுது.”

“எரிஞ்சா ஏன் வரல? எதையுமே பாத்து செய்யறதில்லையா நீங்க?”

போனை வைத்த கையோடு மேனேஜருக்கு மெயில் அடித்தேன். எலக்ட்ரீஷியன் கேபிள் வேலையை அலட்சியமாகச் செய்ததால் லைன் வரவில்லை என்று எழுதி, எச்.ஆருக்கும் ஒரு நகல் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் விரல்கள் வேகமாக ஓடும்.

மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில், என்னதான் செய்து வைத்திருக்கிறார் பார்ப்போம் என்று கீழே இறங்கினேன். கேபிளில் ஒரு குறையும் இல்லை. பெட்டியின் மேல் இருந்த பெயரைப் படித்தேன். என், எல், ஜி.

எனக்குச் சுருக்கென்றது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில், முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் தெருவிலேயே பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. நாங்கள் ஜி என்கிற எழுத்தை அவர்கள் ஜே என்பார்கள், எங்கள் ஜே அவர்களுக்கு ஜி. விளையாட்டில் இதை வைத்தே சண்டை வரும். என்னும் எல்லும் இரண்டு பக்கத்திலும் ஒன்றுபோல ஒலிப்பதால் போனில் எனக்கு உறைக்கவில்லை. அப்போதே, “எந்த ஜே அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மேலே ஓடி வந்து அந்த ஓர் எழுத்தை மாற்றினேன். அடுத்த நொடி லைன் வந்தது.

“வந்துடுச்சில்ல, விடுங்க” என்றார் மேனேஜர். என்ன கோளாறு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கும் வசதியாக இருந்தது. போட்ட மெயில் போட்டபடியே கிடந்தது. ஆபீஸில் வந்து பிரெஞ்சில் எழுத்தைச் சொன்னது அவர் தப்புதானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். புதன், வியாழன் இரண்டு நாளும் டீ நேரத்தில் அவர் எதிரில்தான் நின்றேன். அவர் வழக்கம்போலச் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன்.

வெள்ளி காலை எச்.ஆர். பெண் கான்ட்ராக்ட் பட்டியலோடு என் மேஜைக்கு வந்தாள்.

“அக்கா, எலக்ட்ரீஷியன் பேரை எடுத்துடச் சொல்றாங்க. நீங்கதான் மெயில் போட்டிருக்கீங்க. எடுத்துடவா?”

அவளை இருக்கச் சொல்லிவிட்டு, முதல் மெயில் போன அத்தனை பேருக்கும் இன்னொன்று எழுதினேன். பெயரைத் தவறாகப் பதிவு செய்தது நான், அவர் வேலையில் பிழை இல்லை. இரண்டே வரி. இதை எழுதும்போது விரல்கள் ஓடவில்லை.

மதியத்துக்குள் அவருக்குக் கையெழுத்தாகிவிட்டது. பெரிய நியாயம் செய்துவிட்ட தெம்போடு கீழே போனேன். ஒரு ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னைக்கு தப்பு என்னோடதுதான். எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன்.”

“தெரியும் மேடம்.”

“எச்.ஆர்.ல சொன்னாங்களா?”

“இல்ல மேடம், செவ்வாக்கிழமையே தெரியும். சாப்ட்டு வந்து பாத்தா லைன் வந்திருக்கு. இங்க நான் எதையும் தொடல. அப்ப மேலதான மாத்தியிருக்கணும்?”

“அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணே!”

அவர் ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேடம். டீ குடிக்க வரும்போதெல்லாம் பாத்தேன்.”