அவர் பங்கு லட்டு

போன வாரம் ஆயுத பூஜைக்கு, என் கணவர் சேகர் வேலை செய்யும் ஒரகடம் ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். சாமி கும்பிடவா? இல்லை... அவர் வாய்க்குக் காவல் இருக்க!

சேகருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அன்றிலிருந்து எங்கள் மணிமங்கலம் வீட்டில் அவருக்கு எண்ணெய் ஸ்பூன் கணக்குதான். அப்பளத்தைச் சுட்டுத்தான் போடுகிறேன். ஊறுகாய் பாட்டில் பீரோவுக்குள் போய்விட்டது. மனுஷன் இரண்டு முறை இருமினால் டாக்டர் நம்பரைத் தேடுவேன். இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் பயம் புதிதில்லை.

சாதாரண நாளைச் சமாளித்துவிடலாம். பண்டிகையை?

அதிலும் அவர் மெயின்டனன்ஸ் ஆள். அங்கே ஒவ்வொரு உற்பத்தி லைனும் தனித்தனியாகப் பூஜை போடும். மெஷினுக்கு மாலை, சந்தனம், பொரி... கூடவே லட்டா, கேசரியா, சர்க்கரைப் பொங்கலா என்று லைனுக்கு லைன் போட்டி. எல்லாவற்றிலும் முதல் பங்கு மெயின்டனன்ஸ்காரருக்கு. அது மீந்துபோனால் மெஷின் வருஷம் முழுக்க மக்கர் பண்ணும் என்று ஒரு நம்பிக்கை. ரோபோ வெல்டிங் செய்கிற இடத்தில்!

பார்க்க வந்த குடும்பங்கள் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். முதல் லைனில் அவரிடம் தட்டு நீண்டதுமே கத்திவிட்டேன்.

"அவருக்கு வேணாம்... இங்க கொண்டாங்க!"

லைன் லீடர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். தட்டோடு என்னிடம் வந்தார். "அண்ணன் பங்கு மீந்துபோவக் கூடாது அண்ணி. நாளைக்கு மெஷின் படுத்துக்கினா நாங்கதான் மாட்டுவோம்."

"நான் சாப்பிடறேன். போதுமா?"

கொஞ்சம் யோசித்தார். "வூட்டுக்காரம்மா துன்னா அண்ணன் துன்ன மாதிரிதான்."

அவ்வளவுதான். அடுத்தடுத்த லைன்களுக்கு எனக்கு முன்னால் செய்தி போய்விட்டது. லட்டு, கேசரி, நெய் சொட்டும் பொங்கல், மறுபடி லட்டு. சேகர் ஒரு கை பொரியோடு நல்ல பிள்ளையாக நகர்ந்தார். நான் பெருமையோடு விழுங்கினேன். நாலாவது லைனில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, "மதினி, ரெண்டு வாய்தான் இருக்கு... மிச்சம் வைக்காதீய" என்று கெஞ்சினாள். அதையும் தின்றேன்.

ஆறாவது லைனில் நெஞ்சுக்கு நடுவே பிடித்த மாதிரி இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. வெறும் கேஸ் டிரபிள்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆறு மாதம் முன்னால் சேகரும் அதையேதான் சொன்னார்...

அது ஞாபகம் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "இன்னாடி ஆச்சு? இன்னா பண்ணுது?"

ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். உடனே இன்னொரு முறை சுற்றினார். அந்த ஒரு நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கம்பெனி ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா பிரஷர் ரொம்ப ஜாஸ்தி. கடைசியா எப்போ செக் பண்ணீங்க?" என்றார் டாக்டர்.

நான் சேகரைப் பார்த்தேன். சேகர் என்னைப் பார்த்தார்.

அவருடைய பிரஷர் எனக்கு மாதவாரியாக மனப்பாடம். என்னுடையது? யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் தட்டில் குறைத்த உப்பையும் எண்ணெயையும் என் தட்டில் குறைக்கவே இல்லை. பீரோவுக்குள் போன அந்த ஊறுகாய்... அவர் வேலைக்குப் போன பிறகு அதைத் திறந்தது யார்? வீட்டில் ஒருவருக்கு இதய நோய் வந்தால், மற்றவர்களுக்கெல்லாம் இரும்பு நெஞ்சு என்று நினைத்துக்கொள்கிறோம்.

தீபாவளி வருகிறது. பலகாரத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இந்த முறை இரண்டு பேருக்காகவும்.

நேற்று சேகர் பீரோவைத் திறந்து, ஊறுகாய் பாட்டிலை இனி இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்தார். அது இருந்த இடத்தில், தன் ஆஸ்பத்திரி ஃபைலுக்குப் பக்கத்தில், புது ஃபைல் ஒன்றைச் செருகினார். மேலே என் பெயர் எழுதியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது... அவர் கையெழுத்து வழக்கமாக நன்றாகத்தான் இருக்கும். என் பயம் இப்போது அவருக்கும் வந்துவிட்டது போல.