வலிக்காத அக்காவின் படகுப் பயணம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி உள்ளே போனால் ரத்தம் எடுக்கும் அறை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் காத்திருப்பவர்கள், புதிதாக வருபவர்களின் காதில் போட்டுவைப்பார்கள்: கண்ணாடி போட்ட அக்கா இருக்காங்களான்னு பாத்துட்டு உள்ள போங்க, அவங்க குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. இப்படித்தான் அவளுக்கு வலிக்காத அக்கா என்ற பெயர் வந்தது. ஓய்வு பெறும் வயது நெருங்கியும், யாராவது அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தால் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கி, முழங்கை மடிப்பில் விரலால் தடவி நரம்பைத் தேடி, பஞ்சால் துடைத்துவிட்டு, "அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் குழாய் நிறைந்து, பிளாஸ்திரியும் ஒட்டியாகிவிடும். கையை மடக்கிப் பிடித்தபடி எழுந்து போய்விடுவார்கள். நாள் முழுக்க மனிதர்கள் வந்து அவளிடம் கையை நீட்டினார்கள், நாள் முழுக்க முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தில் பஸ்ஸில் போகும்போதுகூட யாருடைய முகமும் அவள் கண்ணில் படாது. கம்பியைப் பிடித்திருக்கும் கையில் நரம்பு எப்படி ஓடுகிறது என்றுதான் பார்வை போகும்.

கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன் படிப்பை முடித்ததும் வெகுதூர நாட்டுக்கு வேலைக்குப் போனான். அவள் இருந்தது மூன்று மாடிக் கட்டடத்தின் நடு மாடி. மேல் மாடியில் ஒரு டீச்சர் இருந்தாள், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவள். அவளும் தனி ஆள். சாயங்காலமானால் இருவரும் சேர்ந்து கடைக்குப் போவார்கள், வந்து மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவார்கள். பேசுவது என்றால் பேசுவது டீச்சர், சிரிப்பது அக்கா. டீச்சருக்கு வாய் அப்படி. தரைத்தளத்துக்காரர் தினமும் காரைக் கழுவித் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "இப்படியே தேய்ச்சா ஒரு நாள் கதவு வழியா உள்ள இருக்கிற சீட்டு தெரியும்" என்று மெல்ல அவள் காதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்யும்போது அக்கா அதையெல்லாம் அவனிடம் ஒப்பிப்பாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

பிறகு டீச்சரின் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் வந்து டீச்சரை வேறு ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பும் வரை அக்கா வாசலில் நின்றாள். மேல் மாடி பூட்டிக் கிடந்தது. அந்த வாரம் மகன் பேசியபோது அவனுக்கு வேலையில் பெரிய தலைவலி, குரலே இறங்கியிருந்தது. "டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று அவன் கேட்டான். "அவங்களுக்கு என்ன, நல்லா இருக்காங்க" என்று அவள் வாயில் வந்துவிட்டது. பொய்யும் இல்லை. டீச்சர் எங்கோ நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் அவன் ஒரு பெருமூச்சு விட்டது கேட்டது. அம்மா தனியாக இல்லை என்ற நிம்மதி அது.

அடுத்த ஞாயிறும் கேட்டான். இந்தத் தடவை வெறும் "நல்லா இருக்காங்க" போதவில்லை. டீச்சர் செருப்புக் கடையில் பேரம் பேசியதாக ஒன்று சொன்னாள். அதற்கடுத்த வாரம் டீச்சர் யோகா வகுப்பில் சேர்ந்தாள், மறு வாரமே மாஸ்டரிடம் சண்டை போட்டுக்கொண்டு நின்றாள். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் எதையாவது வேடிக்கையாகப் பார்த்தால், இதை டீச்சர் எப்படிச் சொல்வாள் என்று வாரம் முழுக்க மனதுக்குள் உருட்டிக்கொண்டிருப்பாள். மேல் மாடியில் இருந்தபோதைவிட, போன பிறகுதான் டீச்சர் அதிகமாக ஊர் சுற்றினாள்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அக்காவின் பிறந்தநாள் வந்தது. மகன் ஆசையாக ஒரு காரியம் செய்தான். நகரத்தின் கழிமுகப் படகுத்துறையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சீறிப் பாயும் வேகப் படகில் சனிக்கிழமைக்கு அம்மாவுக்கும் டீச்சருக்கும் சேர்த்து இரண்டு இடம் பதிவு செய்துவிட்டான். "இவ்வளவு வருஷமா அந்த ஊர்ல இருக்க, ஒரு நாளாவது அதுல போயிருக்கியா? டீச்சரக் கூட்டிட்டுப் போ. அவங்க அடிக்கிற கூத்த வந்து சொல்லு" என்றான்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் துணிந்து டீச்சருக்கே போன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"யாரு?"

அக்கா தான் யார் என்று சொன்னாள்.

"ஓ, கீழ் வீடா?"

பிறகு டீச்சர் பிரியமாகத்தான் பேசினாள். படகு விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள், இங்கே தலை சீவவே நேரமில்லை, இதில் படகு எங்கே என்றாள், மகனை விசாரித்தாள், ஒரு நாள் சாவகாசமாகக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகும் அக்கா எழுந்திருக்காமல் அப்படியே இருந்தாள். இவள் நினைப்பில் டீச்சர் இன்னும் தினமும் இவள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இவள் கீழ் வீடு.

ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை பார்ப்பவளைக் கேட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சனிக்கிழமை கல்யாண வீடு. வேறு யாரைக் கேட்பது என்று யோசித்தால், இத்தனை வருஷத்தில் தொட்ட கைகள்தான் நினைவுக்கு வந்தன.

சனிக்கிழமை மதியம் தனியாகவே படகுத்துறைக்குப் போனாள். நல்ல வெயில். வரிசையில் எல்லோரும் ஜோடியாக, குடும்பமாக, கூட்டாளிகளாக நின்றிருந்தார்கள். ஒருவர் பையை ஒருவர் வைத்துக்கொள்வதும், ஒருவர் தொப்பியை ஒருவர் சரிசெய்வதுமாக ஒரே அமளி. கழுத்தில் மைக் மாட்டிய பெண் ஒருத்தி ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு வந்தாள். அக்காவின் முறை வந்ததும், சீட்டில் இரண்டு பேர் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, கூட வந்தவங்க எங்கே என்று கேட்டாள். வரவில்லை என்றாள் அக்கா. அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். படகில் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும் என்றும், இடமில்லாமல் ஒருவர் ஓரமாக நிற்கிறார், அவரை அந்த இடத்தில் உட்கார வைக்கலாமா என்றும் கேட்டாள். அக்கா தலையாட்டினாள்.

வந்து உட்கார்ந்தவர் வழுக்கைத் தலைக்காரர், மூக்குக் கண்ணாடியை ஒரு நூலால் கழுத்தில் கட்டியிருந்தார். வெளியூர்க்காரர். வேலை விஷயமாக வந்தாராம், ரயிலுக்கு நேரம் இருக்கிறது, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று வந்தாராம். இதை அவளைப் பார்த்துச் சொன்னாரா, தண்ணீரைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. முன்னால் இருந்த கம்பியை அவர் பிடித்திருந்த பிடியில் புறங்கை நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. ரப்பர் பட்டையே தேவைப்படாத கை என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

படகு முதலில் சாதுவாகத்தான் போனது. மைக் மாட்டிய பெண் பாலத்தைக் காட்டினாள், மணிக்கூண்டைக் காட்டினாள், பெரிய பெரிய ஓட்டல்களைக் காட்டினாள். எல்லோரும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். இரண்டாவது பாலத்தைத் தாண்டியதும் கரையில் பழைய குடோன்களும், சாயம் போன அடுக்குமாடிகளும் வந்தன. "இனிமே பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. எல்லாரும் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்குங்க" என்றாள் அந்தப் பெண். படகோட்டி விசையைத் திருகினான்.

படகின் மூக்கு மேலே எழும்பியது. உடம்பு பின்னால் தள்ளப்பட்டது. சாட்டையால் அடித்தது போல் தண்ணீர் முகத்தில் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்த அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தெரு ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி, பஸ் ஏறும் முனை, இரண்டு கட்டடங்களின் இடுக்கில் அந்த மூன்று மாடிக் கட்டடம். காலையில் அவள் காயப்போட்ட பச்சைத் துண்டு நடு மாடிக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாழ்ந்த இடம் முழுக்க ஒரு மூச்சில் கடந்துபோனது.

"அதோ, என் வீடு" என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினாள். அந்த மனிதர் கண்ணை இறுக மூடியிருந்தார். அந்த நேரம் பார்த்துப் படகோட்டி படகை வட்டமாகச் சுழற்றினான். எல்லோரும் கூச்சலிட்டார்கள். அவர் கம்பியை விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டார். கிடைத்தது அக்காவின் முன்னங்கை.

நல்ல பிடி. வலித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேர் கையைப் பிடித்த அவளுடைய கையை யாராவது இப்படிப் பிடித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. படகு மறுபடி சுழன்றது. அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது, கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்.

வேகம் குறைந்ததும் அவர் கண்ணைத் திறந்து பார்த்து, பதறிப்போய்க் கையை எடுத்தார். "மன்னிச்சுக்குங்க" என்றார். பரவாயில்லை என்றாள். துறையில் இறங்கியதும் அவர் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனார். அவர் பெயரை அவள் கேட்கவில்லை.

இன்னும் லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. மகன். படகு சுழலும்போது அதில் மாட்டியிருக்கும் கேமரா எல்லோரையும் படம் எடுத்து, டிக்கெட் பதிவு செய்தவரின் போனுக்கு அனுப்பிவிடுமாம். பதிவு செய்தவன் அவன்.

"அம்மா, பக்கத்துல கையப் புடிச்சிட்டு இருக்காரே, யாரு அது?"

"தெரியலடா."

"தெரியலையா?"

"ரயிலுக்குப் போற ஆளு."

"டீச்சர் எங்க?"

டீச்சருக்கு முட்டி வலி, கடைசி நேரத்தில் வரமுடியாமல் போய்விட்டது என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஈரத்துணியில் காற்றுப் பட்டு அவளுக்கு நடுங்கியது. "டீச்சர் இங்க இல்லடா. மக வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள்.



"அப்ப அந்த யோகா கிளாஸ்?"

"அது நான் சொன்னது."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்னடா பண்ணியிருப்ப?"

கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, முதலில் துணியை மாற்று, சளி பிடித்துக்கொள்ளும் என்றான். சரி என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தினமும் பேசினான். அப்புறம் வேலை வந்தது, பழையபடி ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை இருவரும் கவனித்தார்கள், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ, நானும், அங்கே வெயிலா, மழை. ஒரு தடவை அவன் தன் மேலதிகாரியைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, "டீச்சர் மட்டும் இதக் கேட்டா..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தினான். இருவருக்கும் இழவு கேட்ட மாதிரி இருந்தது. டீச்சர் உயிரோடு, பேரக்குழந்தைகளோடு நன்றாகத்தான் இருந்தாள். ஆனாலும் அவர்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்த யாரோ ஒருவர் போய்விட்டார்.

மெல்ல மெல்ல அவள் தன்னைப் பற்றிச் சொல்லப் பழகினாள். அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஊசி என்றதும் மயங்கி விழுந்த மல்யுத்தக்காரனைப் பற்றிச் சொன்னாள். டீச்சர் சொல்லியிருந்தால் அவன் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான். இவள் சொன்னபோது, "அப்புறம் என்னாச்சும்மா?" என்று கேட்டான். கேட்டானே, அது போதும் என்றிருந்தது. வரும் வருஷம் லீவு கிடைத்தால் வருவதாகச் சொன்னான். கிடைக்கும்போது வா என்றாள். கிடைக்குமா என்பது இருவருக்கும் தெரியாது.

விடுமுறை நாளில் பால்கனியில் துணி உலர்த்தும்போது, எதிர்க் கட்டடங்களின் இடுக்கில் ஒரு கீற்றுத் தண்ணீர் தெரியும். முன்பெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும் இரைச்சலை அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது சத்தம் வந்ததும் கையில் இருக்கும் துணியோடு நின்றுவிடுவாள். படகு அந்த இடுக்கில் தோன்றி மறைவது கண் இமைக்கும் நேரம்தான். ஒரு நாள் கையைத் தூக்கி ஆட்டியும் பார்த்தாள். படகில் ஒருவர்கூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

அவள் மீதித் துணியையும் உதறிக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள்.