கேற்றடி வாழையின் ஆரோக்கியம்

டொக்டர் உமாசுதனுக்கு இலை என்றால் பிடிக்காது. அதில் தூசி இருக்கும், எறும்பு இருக்கும். இலையைப் பற்றிய தகவல் என்றால் உயிரையே விடுவார். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓடும் ஒரு ஒழுங்கையில், ஏழாம் மாடியில் இருந்துகொண்டு பயிர்களின் சுகம் விசாரிப்பது அவர் தொழில். மருந்து எழுதும் டொக்டர் இல்லை, பிஎச்டி. அதை எவரும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டி வந்ததில்லை, அவ்வளவு முந்திக்கொள்வார்.

தொழிலின் சாரம் உண்மையிலேயே அழகானது. அதில் அவருக்குப் பங்கில்லை என்பதால் துணிந்து புகழலாம். இலை வெயிலைக் குடிக்கிறது. குடித்ததில் ஒரு பங்கைக் கொண்டு ஒளித்தொகுப்பு என்ற சமையலை நடத்துகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகப் போய்விட, துளியளவை மட்டும் பச்சையம் மங்கிய சிவப்பு ஒளியாக வெளியே விடுகிறது. நமது கண்ணுக்கு அது தெரியாது. தகுந்த கருவிக்குத் தெரியும், வானத்தில் சுற்றும் செய்மதியில் இருந்தும் தெரியும். அந்த ஒளிர்வு ஏறி இறங்குவதைப் பார்த்து, செடி வாடுவதற்கு முன்பே உள்ளே ஏதோ சரியில்லை என்று தூரத்தில் இருந்தே சொல்லிவிடலாம். இந்தத் 'தூரத்தில் இருந்தே' தான் உமாசுதனைத் துறைக்குள் இழுத்து வந்தது.

கிருலப்பனையில் அவர் வேலை செய்யும் நிறுவனம், ஒரு தேயிலைக் கொம்பனியின் மலைகளில் இந்தக் கருவியைப் பூட்டும் ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்தது. ஒப்பந்தத்தை அவர் பேசி முடித்தால் உமாசுதன் டிரெக்டர். இல்லாவிட்டால் லோகேஸ்வரன் டிரெக்டர். லோகேஸ்வரன் வயதில் குறைந்தவர், பிஎச்டி இல்லாதவர், ஹற்றன் பக்கத்து மலையக ஆள். இந்த மூன்றில் எது தொண்டையில் சிக்கியது என்று உமாசுதன் சொல்லமாட்டார். வெள்ளவத்தையில் அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

பரீட்சார்த்தமாகத் தன் பிளாட்டின் மொட்டைமாடியில் ஒரு கருவியைப் பூட்டினார். அங்கிருந்து கீழே பார்த்தால் தகரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். பச்சை என்று இருந்தவை வாசல் கேற்றடியில் இரண்டு பெரிய சாடிகளில் நின்ற அழகுப் பனைகள். கருவி அவற்றையே குறி பார்த்தது. அவை மெலிவாகத்தான் ஒளிர்ந்தன. உமாசுதன் லப்டொப்பைப் பார்த்து உரமாக ஒரு பசளை எழுதிக் கொடுத்தார். கேற்றைக் காக்கும் வாச்சர் ஊற்றினார்.

தேயிலைக் கொம்பனியில் இருந்து ஆள் வரும் நாள் காலையில் ஒளிர்வு ஒரேயடியாக ஏறியிருந்தது. பசளை வேலை செய்துவிட்டது என்று மனைவி அருந்ததியிடம் அறிவித்தார். அருந்ததி தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, ஒருக்கா கீழ போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" என்றார்.

"பாக்கிறதுக்குத்தானே மெஷின் வைச்சிருக்கு."

கீழே நடந்தது இவ்வளவுதான். அன்று இரண்டாம் மாடி உஷாந்தியின் மகனுக்குக் கலியாணம். முதல் நாள் மத்தியானம் ஆட்கள் வந்து சாடிகளைத் தண்ணீர்த் தாங்கியின் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் குலையோடு வெட்டி வந்த இரண்டு வாழைகளை நிறுத்திக் கேற்றில் கட்டிவிட்டார்கள். வெட்டின வாழை உடனே சாகாது. தண்டில் தண்ணீர் இருக்கும்வரை இலை தன்பாட்டில் வெயிலைக் குடித்து ஒளிர்ந்துகொண்டிருக்கும். கருவி உண்மையைத்தான் சொன்னது. உமாசுதனுக்குத்தான் சாக்கில்லை. முதல் நாள் பின்னேரமே அந்த இரண்டு வாழைக்கும் நடுவால்தான் காரை ஓட்டி வந்தார். ஒரு இலை முன்கண்ணாடியைத் தடவியது. வைப்பரைப் போட்டார்.

வந்தவர் நிஹ்லா, தேயிலைக் கொம்பனியின் முகாமையாளர், தெஹிவளைக்காரர். மொட்டைமாடியில் உமாசுதன் லப்டொப்பைத் திறந்து, ஏறி நிற்கும் கோட்டைக் காட்டி, சாகக் கிடந்த செடியைத் தான் தேற்றிய கதையைச் சத்திரசிகிச்சை நிபுணரின் அடக்கத்தோடு சொன்னார். நிஹ்லா தலையாட்டி மெச்சினார். பிறகு, இப்படியான ஆட்களுக்கு எவரும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். அந்தச் செடியைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

லிப்ட் முழுக்கப் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும். கேற்றடியில் நிஹ்லா வாழையை ஒருமுறை சுற்றி நடந்தார். தண்டு, சீமெந்துத் தரை, கயிறு. மண் என்று ஒன்று இல்லை.

"வேர் எங்க, டொக்டர்?"

மனிதர் அப்போதாவது சிரித்திருந்தால் தப்பியிருப்பார். சிரிப்பது பிஎச்டியில் இல்லை.

"ஒளிர்வுக்கு வேர் தேவையில்ல, மெடம். ரீடிங்கில ஒரு பிழையும் இல்ல."

"ரீடிங் சரிதான். எங்கட தேயிலைக்கு வேர் தேவைப்படுமே."

உஷாந்தி இருவரையும் கலியாணத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்து ஓடிவந்து, பலகாரத் தட்டை நீட்டி, வாழை வடிவாக இருக்கிறதா என்று உமாசுதனிடம் அபிப்பிராயமும் கேட்டார். நல்ல ஆரோக்கியம் என்று அவர் சொன்னதாகத்தான் கேள்வி.

தேயிலைக் கொம்பனி கருவிகளை வாங்கியது. ஒரேயொரு நிபந்தனை, பூட்டுகிறவர் முதலில் மலையை நடந்து பார்க்க வேண்டும். உமாசுதனுக்கு முழங்கால் நோவு அன்றைக்கே தொடங்கியது. லோகேஸ்வரன் காலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார், டிரெக்டராகத் திரும்பினார்.

ஆனால் வெள்ளவத்தை தன் பிள்ளைகளைக் கைவிடாது. கலியாணம் முடிந்தும் வாழைகளை எவரும் அவிழ்க்கவில்லை. குலையை மட்டும் அறுத்துக்கொண்டு போனார்கள். தண்டில் தண்ணீர் வற்ற, ஒளிர்வு நாளுக்கு நாள் விழ, கருவி எல்லாவற்றையும் பதிந்தது. உமாசுதன் வாழ்க்கையில் எடுத்த மிகச் சிறந்த தரவு அதுதான். 'நகர்ப்புற வாழையில் திடீர் நீர் நெருக்கடி' என்று கட்டுரை எழுதினார். வெட்டியதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வியன்னா மாநாடு ஒன்றில் அதை வாசிக்க அழைப்பு வந்தது. பிளாட் சங்கம் கூட்டம் வைத்துப் பொன்னாடை போர்த்தியது. அந்த மரியாதைக்குக் கேற்றில் புதிதாக இரண்டு வாழை கட்டினார்கள். ஒளிர்வு மறுபடி ஏறியது.

சாடிப் பனைகள் தாங்கியின் பின்னால் வெயிலும் தண்ணீரும் இல்லாமல் செத்துப்போயிருந்தன. குப்பை போடக் கீழே இறங்கிய அருந்ததிதான் கண்டார்.