மாதாவுக்கு நான் அடித்த பச்சைச் சாயம்

எங்கள் தோட்டத்து மாதா கோயிலின் விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கோல சிலாங்கூர் பக்கம் இவ்வளவு பழைய மரச் சொரூபம் வேறு கிடையாது என்பது ஃபாதரின் நம்பிக்கை. "மாதாவைச் செஞ்சவரு பேரை மட்டும் கண்டுபிடிச்சிக் குடுங்க, போதும்" என்றார். வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது.

பெயர் இருக்கும் இடம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், மாதாவின் காலடிப் பீடத்தில் ஒரு வரி செதுக்கியிருந்தது. படத்தில் அதை வாசிக்க முடியவில்லை. சொரூபத்திலோ அப்படி ஒரு வரியே இல்லை.

எல்லாம் எங்கள் நேர்த்திக்கடன் செய்த வேலை. வேண்டுதல் பலித்த குடும்பம் திருவிழாவுக்கு முன் மாதாவுக்குப் புதுச் சாயம் அடிக்கும். பூச்சின் மேல் பூச்சாக ஏறி, மாதாவுக்கு இடுப்பு பெருத்து மூக்கு மழுங்கிவிட்டது. கடைசியாக அடித்தது அடியேன். பித்தப்பைக் கல் கரைந்த நன்றிக்கு, வீட்டு வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை. பீடத்தில் ஏதோ கீறல்கள் தட்டுப்பட்டன. கரையான் அரித்திருக்கிறது என்று பரிதாபப்பட்டு, பட்டி பூசி அடைத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்தேன். ஒரு ஜெபமும் சொன்னேன்.

புதன்கிழமை பிளேடோடு உட்கார்ந்தேன். பச்சையும் பட்டியும் உரிந்தன. கீழே நீலம். எழுத்துப் பள்ளங்களை அது நிரப்பியிருந்தது. அதைச் சுரண்டப் போகும்போது, பீடத்துக்குப் பூ வைக்கும் அக்கா ஓடி வந்தார்.

"கையை எடு தம்பி! அது எங்கப்பா சாகறதுக்கு முந்தி அடிச்ச நீலம். நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து பொழைச்சி வந்ததுக்கு அடிச்சது லா."

"அதுக்குக் கீழதான்க்கா செஞ்சவரு பேரு இருக்கு."

"அந்தப் பேரு தெரியலன்னு மாதா ஒன்கிட்ட வந்து அழுதாங்களா? ஒன் கேட்டுப் பச்சையவே பொறுத்துக்கிட்டாங்க!"

ஃபாதரிடம் ஓடினேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, பூசை வைக்க ராசா என்ற ஊருக்குக் காரேறிவிட்டார்.

வியாழன் முழுக்க அக்கா பீடத்தடியில் நாற்காலி போட்டு ஜெபமாலை உருட்டினார். நான் நீலத்தின் மேல் காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து தேறியது. அதுவும் நான் பூசிய பட்டியின் மிச்சமாக இருக்கலாம்.

வெள்ளி காலை எழுதிக் கொடுத்தேன்: 'செதுக்கியவர் பெயர் தெரியவில்லை. தெரியாமல் போனதில் இதை எழுதியவருக்கும் பங்கு உண்டு.' அக்கா வாங்கிப் படித்தார்.

"நீலம் அடிச்சவரு பேரையும் போடு லா."

போட்டேன். மலரில் சொரூபத்தைப் பற்றிய பக்கத்தில் அந்த ஒரு பெயர்தான் இருக்கிறது. செதுக்கியவரை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.